புள்ளிக்கு இவ்வளவு

கழனிவாசல் நீர்த்தொட்டிச் சுவர்
அறுபத்திரண்டு அடி நீளம், ஒன்பதடி உயரம்.
காரைக்குடி நகராட்சி தந்த கடிதத்தில்
"கண்கவர் ஓவியம்" என்று மட்டும் இருந்தது.
வரவு செலவு எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.
எனக்குத் தெரிந்த கலை அது ஒன்றுதான்.

முதல் நாள் முழுக்கச் சுரண்டினோம்.
கண்ணீர் அஞ்சலி மேல் பூப்புனித நீராட்டு,
அதன் மேல் மூலம் பௌத்திரம்,
அதன் மேல் இன்னொரு கண்ணீர் அஞ்சலி.
மகன்கள் மருமகன்கள் பேரன்மார் சகிதம்
ஊரே பசையில் ஒட்டிக் கிடந்தது.

நாலாவது அடுக்கில்
பீதாம்பரின் கொத்துக்கரண்டி நின்றுவிட்டது.
மீசை வைத்த ஒரு பையன்,
கல்லூரி அட்டைக்கு எடுத்த படம்.
கீழே ஒரு பெயர்,
எங்களில் யாரும் ஒருநாளும் கூப்பிடாதது.
சுகிர்தா குனிந்து பார்த்தாள்.
"இது எங்கட தாமரையெல்லோ."

சாகும்போது தாமரைக்கு முப்பத்தொன்பது.
மீசை போய்ப் பதினெட்டு வருஷம்.
மஞ்சள் காமாலையில் கிடந்த பதினோரு நாளும்
முகாமிலிருந்து கஞ்சி கொண்டுவந்தவள் சுகிர்தா.
படுக்கை மாற்றியவன் பீதாம்பர்.
பில் என்னுடையது.
உடம்பை வாங்கக் கையெழுத்து மட்டும்
பட்டுக்கோட்டையிலிருந்து வந்த அண்ணனுடையது.
"நீங்கள்லாம் என்ன உறவு?" என்றாள் நர்ஸ்.
விடை இருந்தது.
பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கணக்குப் புரியாது:
கல்யாணம் முடித்தால் ஒரு புள்ளி.
கோயில் வரி, பொதுக் காரியம்
எல்லாம் புள்ளிக்கு இவ்வளவு.
துணையை இழந்தவர் அரைப் புள்ளி.
எனக்கு நாற்பத்தாறு.
செக்காலை மாடிப் போர்ஷனில் பீதாம்பருக்கும் எனக்கும்
ஒன்பது வருஷமாக ஒரே கேஸ் சிலிண்டர்.
வீட்டுக்காரரிடம் கூட்டாளி என்று சொல்லியிருக்கிறேன்.
"என்ன வியாபாரம்?" என்றார்.
"டைல்ஸ்" என்றேன்.
பொய்யும் இல்லை, ஒடிசாவிலிருந்து
அவன் வந்தது தரை பாவத்தான்.
கோயில் நோட்டில் நான்
அரைகூட இல்லை.

படம் போட்டது ஷிவானி,
தாமரை பாலூற்றித் தத்தெடுத்த மகள்.
மீசைப் பையனைக் கிழிக்கப் போன என் கையைப் பிடித்தாள்.
"இருக்கட்டும் மாமா.
அம்மா அவன் மேல ஏறித்தானே வந்தா."
அவன்மேலேயே வெள்ளை அடித்தாள்.
மறுநாள் அந்த நெற்றி இருந்த இடத்தில்
தாமரையின் ரசவாளி வந்தது.

சுவர் நெடுக ஒரு பந்தி.
பீகார் பரோட்டா மாஸ்டர்,
முகாம் பிள்ளைகள் ஆறு பேர்,
செல்போன் கடை மணிப்பூர்ப் பையன்.
தையல் கடைப் பெண்கள் இரண்டு பேர்
மாலை ஆறரைக்கு மேல் வந்து நின்று,
"எங்களுக்கு முகம் வேண்டாம்க்கா,
கை மட்டும் போடுங்க" என்றார்கள்.
ஒரே இலையில் இரண்டு வலக்கைகள்,
ஒன்றில் நெயில்பாலிஷ் பாதி உரிந்து.

இன்ஜினியர் வந்தார், கண்ணாடியைத் துடைத்தார்.
"நல்லாத்தான் இருக்கு.
இதுல குடும்பத் தலைவர் யாரு?"
யாரும் சிரிக்கவில்லை, முதலில்.
பிறகு பீதாம்பர்தான்
தன் கொச்சைத் தமிழில் சொன்னான்:
"ரசம் ஊத்துது பாருங்க சார், அது."

மொத்தச் செலவு பதினெட்டாயிரத்து நானூற்று பத்து.
தூரிகை கழுவிய மண்ணெண்ணெய்
என் கைக்காசு, எழுதவில்லை.
புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிக்கலாமே
என்று ஷிவானி கேலி செய்தாள்.
பிரித்துப் பார்த்தேன், ராத்திரி, தனியாக.
எத்தனை பேரால் வகுப்பது என்பதில்
மூன்று தடவை தப்பினேன்.

பத்தாம் நாள் விடியலில்
கடைசி இலைக்கு மேல் ஒரு புதுக் கண்ணீர் அஞ்சலி.
தடித்த கண்ணாடி, கோர்வையாய் விபூதி,
யாரோ ஒரு பெரியவர்.
பசை இன்னும் ஈரம்.
கரண்டியை எடுத்தேன்.

"விடுங்கோ" என்றாள் சுகிர்தா,
"பசியோட வந்திருப்பார்.
இருந்து சாப்பிடட்டும்."