மூன்றாவது படி

புரட்டாசி முடிந்த ஞாயிறு.
வெருலம் முழுக்க ஆட்டுக்கறிக்கு வரிசை.
நண்டு விலை கேட்டுத் திரும்பிவிட்டேன்.
ஒரு மாதம் பருப்பிலும் கத்தரிக்காயிலும் கிடந்த நாக்கோடு
முசாவின் பிக்கப்பில் ஏறி
இனாண்டா அணைக்குப் போனேன்.

காவடிக்கு நாக்கில் குத்துவது ஒரு வேல்.
இது வேறு:
ஆறடிக் கம்பு, நுனியில் மூன்று முள்,
அடியில் ரப்பர் வார்.
இழுத்துப் பிடித்தால் முழங்கை நடுங்கும்.
நடுக்கம் அடங்கும்வரை மூச்சு வெளியே வரக்கூடாது.
அதிகாரி கேட்டால் காட்ட
அனுமதிச் சீட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்.

தண்ணீர் தேநீர் நிறம்.
நீட்டிய கை வரைதான் உலகம்.
அங்கே மீனைத் தேட முடியாது,
கட்டை மாதிரிக் கிடக்க வேண்டும்.

கீழே ஒரு சுவர் இருந்தது.
அணைக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் வீடுகள்.
"எங்கள் சித்தி வீடு இங்கேதான் எங்கேயோ"
என்று சொல்லியிருந்தான் முசா, ரொட்டியைக் கடித்தபடி,
பஸ் நிறுத்தம் காட்டுவது போல.
சுவரை ஒட்டி ஒரு படி. சிவப்பு சிமெண்ட்.
பாசியை வழித்தால் இன்னும் வழவழப்பு.
அதன்மேல் வந்து நின்றது,
உதட்டை நீட்டி, குட்டி மீசையோடு,
சேற்றை உறிஞ்சித் துப்பிக்கொண்டு,
வட்டி வாங்க வந்தவன் போல அவசரமில்லாமல்.

விட்டேன்.
கம்பு என்னை இழுத்துக்கொண்டு
வாசல் வழியே வீட்டுக்குள் போனது.
ஓர் அறை. இருட்டு.
பிறகு மூச்சு, பிறகு வெயில்.

ஏழு கிலோ.
கரையில் தூண்டிலோடு இருந்தவர்
"தூக்கி எறி அம்மா, சேறு தின்னி" என்றார்.
கெண்டை ஜாதி. புலவர்கள்
பெண்ணின் கண்ணுக்குச் சொன்ன மீன்.
ஷாடும் சாளையும் தின்று வளர்ந்த டர்பன்காரர்கள் நாங்கள்
இதை நாய்க்கும் போடமாட்டோம்.
"வீட்டுக்குள் கொண்டுவராதே, பானை நாறும்" –
போனில் பூமணி அக்கா.

கரையிலேயே செவுளை அறுத்து ரத்தம் வடித்தேன்.
ஐஸில் புதைத்தேன்.
வீட்டில் தோலை உரித்து, விலாவில் ஓடும்
கருஞ்சிவப்புப் பட்டையைச் சீவினேன், நாற்றம் அதில்தான்.
பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.
மிச்சமெல்லாம் ரோஜா நிறம்.
ஆனால் முள். கவட்டை கவட்டையாக, கணக்கே இல்லை.
கத்தியைத் தீட்டி
நெல் அகலத்துக்கு ஒரு கீறல், அடிவரை போகாமல்.
நறுக்கென்று முள் அறுபடுவது காதில் விழவேண்டும்.
விழாத இடத்தில் மறுபடி.

உப்பு, மஞ்சள், வினிகர். புகையும் எண்ணெய்.
பாதியைப் பொரித்ததும் நின்றே தின்றோம்.
பாதி, புளியில்: தக்காளி, முழுப் பூண்டு,
கை நிறையக் கறிவேப்பிலை, கண்ணெரியும் மசாலா,
விரதத்தில் மிஞ்சிய கத்தரிக்காய்.
முசா சோளமாவைக் கிண்டினான்.
அவன் ஊபுத்து என்பது
எனக்குப் புட்டு என்றே கேட்கிறது.
அதுவும் உதிரும், அதுவும் குழம்பைக் குடிக்கும்.

பூமணி அக்கா வந்தாள்.
மீனைத் தொடமாட்டேன், குழம்பு மட்டும் ஊற்று என்றாள்.
கத்தரிக்காய் பரவாயில்லை, அது செடி என்றாள்.
மூன்றாம் கரண்டியில் ஒரு துண்டு தவறி விழுந்தது.
சுவரைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.
"முள்ளைக் காணோமே" என்று
தட்டிடம் கேட்டாள்.

தலையை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு
குவாமாஷு சித்திக்கு எடுத்துப்போனான் முசா.
இரவு போன் செய்தான்.
முழுத்தலையும் தின்றாளாம், கண் உட்பட.
எங்கே பிடித்தீர்கள் என்றாளாம்.
சிவப்புப் படியில்.
எத்தனை படி?
அவனுக்குத் தெரியவில்லை.
மூன்றிருந்தால் எங்கள் வீடு,
மூன்றாவதன் ஓரம் உடைந்திருக்கும்,
நான்தான் உலக்கையைப் போட்டு உடைத்தேன்,
அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது என்றாளாம்.

நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.
காலையில், ஊறிய குழம்பைச் சூடாக்காமல்
ரொட்டியில் தொட்டுக்கொண்டே யோசித்தேன்.
விரல் பட்ட ஓரம் வழவழப்பாகத்தான் இருந்தது.
இல்லை, நான் தடவியது
நடுவோ என்னவோ.