தமிழ் தெரியாதவன்

ஆயிரத்து நூற்றுப் பத்தொன்பது, ஆவணி.
வடசேரிச் சந்தைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை.
மேடைப் பலகைக்கு அடியில் காலித் தார்ப்பீப்பாய்கள்;
ஒரு துலாம் புளி விழுந்தாலும் இடி இடிக்கும்.

நான் ஜப்பான்காரன்.
டோக்கியோப் புலி யமாசாகி என்று
தட்டி எழுதுகிறவன் எழுதிவிட்டான்.
நெய்யூர் ஞானாபரணத்துக்குச்
சின்னக் கண் வாய்த்தது கர்த்தர் செயல்.
மஞ்சள் குழைத்து நெஞ்சுக்கு மட்டும் பூசுவேன்.
முதுகுக்குக் காணாது, விலை அப்படி.

காண்ட்ராக்டர் பப்புப்பிள்ளைக்கு ஒரே கண்டிஷன்:
வாயில் தமிழ் வரப்பிடாது.
இடுப்பெலும்பு முறிந்தாலும்
ஹாய், ஹோய் என்றுதான் அலற வேண்டும்.
ஒருதடவை 'எனக்கம்மோ' வந்துவிட்டது.
அரை ரூபாய் பிடித்துக்கொண்டார்.

பாரத பீமன், திருவிதாங்கோட்டு மஸ்தான்கண்ணு.
நோன்பு மாசம்.
மஃரிபுக்குக் கஞ்சி குடித்துவிட்டு
(அரிசி ஏது, முக்காலும் மரச்சீனி)
ஒன்பது மணிக்கு என்னைத் தூக்கி அடிப்பார்.
அடிக்கும்முன் காதோரம் சொல்வார்:
"இடப்பக்கமா விழும் வேய்,
வலப்பக்கம் ஆணி கிளம்பியிருக்கு."

பர்மா அரிசியை நிறுத்தியவன் நான்.
சிங்கப்பூர்த் தபாலை நிறுத்தியவனும் நான்.
பகலெல்லாம் ரேஷன் வரிசையில் நின்றவர்கள்
ராத்திரி என்னைப் பார்க்க வந்தார்கள்.
சிரட்டை எறிந்தார்கள். ஒருநாள் ஒற்றைச் செருப்பு.
எறிந்தவனே மறுநாள் வந்து கேட்டான்.
குனிந்து, இரண்டு கையாலும் கொடுத்தேன்,
ஜப்பான் முறை அப்படித்தான் இருக்கும் என்று.

ஐந்தாம் நாள் ஆட்டம் முடிந்தபின்
சாக்குப் படுதாவை ஒதுக்கி ஒருத்தி வந்தாள்.
தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.
மணக்குடி, பிரகாசியம்மை என்றாள், நான் கேட்காமலே.
செவிடனிடம் பேசுவதுபோல்
சத்தமாய், விட்டுவிட்டு:
"எனக்க... மவன்... சூசைமிக்கேல்.
சிங்கப்பூர். இவ்வளவு பொக்கம்."
கையை உயர்த்திக் காட்டினாள்.
யோசித்து, இன்னும் நாலு விரற்கடை ஏற்றினாள்.
போய் ரெண்டு வருசமாச்சே.
"நீ ஊருக்குப் போவும்போ இத..."

கடுதாசி.
விலாசத்துக்கு விட்ட இடத்தில்
சிங்கப்பூர், அவ்வளவுதான்.
வாழைச்சருகில் பொதிந்த சாளைக் கருவாடும்.
"உங்க ஆளுவ அவன அடிக்காம இருந்தா மதி."

தமிழ் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
எனக்கு நெய்யூர்தாம்மா,
குளச்சல் கடலுக்கு அந்தப்பக்கம் கண்டதில்லை
என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அங்கே அவளுக்கு
ஓர் ஆள்கூட இல்லாமல் போய்விடும்.
அரை ரூபாய்க்குப் பயந்ததாகவும் இருக்கலாம்,
இப்போது யோசித்தாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.
ஹாய் என்றேன்.

கருவாட்டைச் சஹருக்குச் சுட்டார் மஸ்தான்கண்ணு.
முள்ளைக்கூட விடவில்லை இரண்டுபேரும்.

மறுநாள் ஏழு சக்கர பெஞ்சில் அவள்.
ஏழு சக்கரத்துக்கு எத்தனை கூறு மீன்
என்று கணக்குப் போட்டதில்
இரண்டாம் ரவுண்டு எப்படிப் போனதென்று தெரியாது.
மூன்றாவதில் பீமன் என்னைத் தலைக்குமேல் தூக்கினார்.
கொல்லு, கொல்லு என்றது கொட்டகை.
தலைகீழாய்த் தொங்கியபடி பார்க்கிறேன்,
பெஞ்சின்மேல் ஏறி நிற்கிறாள்:
"போட்டிராதடே பாவி!
கடுதாசி அவங்கிட்டயில்லா இருக்கு!"

மஸ்தான்கண்ணு திரும்பிப் பார்த்தார்.
எந்தப் பக்கம் போடவேண்டும் என்பது
அந்த ஒரு நொடியில் அவருக்கு மறந்துபோயிற்று.

ஆணி.

ஹாயும் வரவில்லை, அம்மோவும் வரவில்லை.
வாயை மூடிக்கொண்டு
பீப்பாய் இடித்து ஓயும்வரை கிடந்தேன்.
பப்புப்பிள்ளை அன்றைக்கு
ஒரு காசும் பிடிக்கவில்லை.