பதினைந்து

திருப்பாலைக்குடி தாண்டி
அறுபதின் மேல் வெள்ளையடித்து
எண்பது எழுதிவிட்டுப் போனார்கள்.
டில்லியில் போட்ட கையெழுத்து
இந்தக் கருவேலங்காட்டுக்கு வந்துசேர
ஒரு மழைக்காலம் ஆனது.
எட்டின் மேல்வட்டத்தில்
ஈரப் பெயின்டில் ஒட்டிக் காய்ந்திருந்தது ஒரு தும்பி.

அறுபது இருந்தபோது எழுபத்தைந்தில் போவேன்.
அந்தப் பதினைந்து என் சொந்தச் சம்பாத்தியம்.
எண்பதான மறுநாள்
முள் தொண்ணூற்றைந்தில் நிற்கிறது.
யாரும் சொல்லவில்லை,
பாதமே கூட்டிக்கொண்டது.
பின்னால் சீனி காசிமின் வேன்
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு வழி கேட்கிறது.
அவனுக்குப் பதினைந்து போதாது.

பெட்டியில் தொண்டி நண்டு,
ஐஸ் சொட்டுகிற சத்தம்.
மண்டபம் கம்பெனிக்குப்
பத்து நிமிஷம் முன்னால் போய்விடுகிறேன்.
எடை போடும் வரிசையில் நின்று
அந்தப் பத்தையும்
இன்னொரு முப்பதையும்
டீயோடு குடிக்கிறேன்.

நேற்று
தேவிபட்டினத்துக்கு முன்னால்
விறகுக்கட்டோடு ஒருத்தி
ஓரமாய் நின்று வண்டியைப் பார்த்தாள்.
தூரத்தில்தான் வருகிறான் என்று
பழைய எழுபத்தைந்தில் கணக்குப் போட்டுக்
கால் வைத்தாள்.
அவள் கண்ணுக்கு யாரும்
வெள்ளையடித்து எழுதவில்லை.

பிரேக்.
ஐஸ் மொத்தமும் சரிந்து
என் முதுகுத் தகரத்தில் மோதியது.
கட்டிலிருந்து ஒரு சுள்ளி
பானெட்டில் விழுந்தது.

திட்டட்டும் என்று கண்ணாடியை இறக்கினேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
கானல் நெளியும் சாலைக் கோடியில்
நான் இன்னும் இருந்திருக்க வேண்டிய
இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.