வரப்பு

நீடாமங்கலம் கேட் போட்டாச்சு.
அந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு அசாருதீன்,
மன்னார்குடியிலிருந்து, சட்டைப்பையில் பென்டிரைவ்.
இந்தப் பக்கம் கடையில் நானும்
நீலத் திரையில் சாய்ந்துகிடக்கும் ஒரு சோக முகமும்.

திருட்டு விண்டோஸ்தான், மறைப்பானேன்.
ஆறு வருஷம் உழைத்தது.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வட்டச் செயலாளர் பிறந்தநாள்.
எத்தனை முகத்துக்கு வெள்ளையடித்திருப்போம்
அதுவும் நானும்.

"ஆப்பிள் வாங்குங்க மேடம்" என்பார் தஞ்சாவூர் டீலர்,
"கண்ணில் பட்ட கலர் காகிதத்தில் அப்படியே நிற்கும்."
விலை கேட்டேன்.
அந்தக் காசுக்கு ஐந்து மா
ரெண்டு போகம் குத்தகைக்குப் பிடிக்கலாம்.
வாங்கினாலும் என் ஃப்ளெக்ஸ் மிஷின்
ஆப்பிளை ஏறெடுத்தும் பார்க்காது.

அசாருதீனுக்கு லினக்ஸ் பைத்தியம்.
"வைரஸ் தொல்லை கிடையாதுக்கா, காசும் வேண்டாம்."
காசு வேண்டாம் என்று யார் சொன்னாலும்
எனக்கு வயிறு கலங்கும்.
போட்டோஷாப்? இல்லை. ஜிம்ப் உண்டு.
பழைய ஃபைல்? திறந்தது.
'கண்ணீர் அஞ்சலி' என்று நான் அடித்திருந்தது மட்டும்
பூச்சி பூச்சியாய் ஊர்ந்தது.

மூன்று டீக்குப் பிறகு
டிஸ்க்கின் நடுவே ஒரு வரப்பு போட்டான்.
இந்தப் பக்கம் விண்டோஸ், இந்தத் தடவை பில்லோடு,
பிரிண்ட் எடுக்க மட்டும்.
அந்தப் பக்கம் லினக்ஸ், மற்ற எல்லாவற்றுக்கும்.
சிஸ்டத்தைப் போட்டால் பத்து நொடி காத்திருக்கும்,
எந்தப் பக்கம் என்று நாம் சொல்ல.

ராத்திரி எட்டரைக்கு
ஒளிமதி வீரையன் மகன் வந்தான்.
போனில் போட்டோ, தங்கை கல்யாணத்தில் எடுத்தது.
கட்டம் போட்ட நீலச் சட்டை. சிரிப்பு.
தோளில் யாரோ ஒருவர் கை.
"அப்பா சிரிச்சிருக்கிறது இது ஒண்ணுலதான்.
அந்தக் கையை எடுத்துடுங்க. சித்தப்பா கை.
வரப்பு வெட்டினதுல பேச்சு நின்னு நாலு வருஷம்."

பழகின விரல் பழைய இடத்தை அழுத்துகிறது,
ஜிம்ப் வேறு எதையோ திறந்து வைக்கிறது.
திட்டிக்கொண்டே
கட்டத்தோடு கட்டம் சேர்த்தேன்.
ஐந்து விரலும் அழிய ஒன்றரை மணி நேரம்.
மோதிரம் கடைசியாகப் போனது.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன், இன்னொரு வண்டி.
நீட்டிய போனில் அதே கல்யாணம்.
பெயர் கேட்கவில்லை. மோதிரத்தைப் பார்த்தேன்.
"மத்தவங்க எல்லாரையும் வெட்டிடும்மா.
இந்தக் கை மட்டும் இருக்கட்டும்."

கீழ் லேயரில் இருந்தது.
கண் குறியை ஒரு தட்டுத் தட்டினேன்.
திரும்பி வந்து
தோளில் உட்கார்ந்துகொண்டது.

விடிந்தபோது ஒளிமதி பஸ் ஸ்டாப்பில்
பத்தடி இடைவெளியில் ரெண்டு வீரையன்.
ரெண்டு சட்டையும் ஒரே நீலம்.
தஞ்சாவூர் டீலர்
வந்து பார்க்கட்டும்.