சம்பவம்: இல்லை

கடம்பூருக்கு மேற்கே ஒன்பது கூடாரம்.
நேற்று இருபத்திமூன்று ஒரம்பரை.
பதிவேட்டில் மூன்றே கட்டம்:
நேரம், சம்பவம், செலவு.

ஆறு மணிக்கு சிலிண்டர் டியூப்பில்
சோப்பு நுரை தடவிப் பார்த்தேன்.
வாஷர் பக்கம் ஒரு குமிழ்,
குண்டுமணி அளவு,
ஊதியது, உடைந்தது, மறுபடி ஊதியது.
சமைக்கிற ரத்தினாள் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.
வாஷர் மாற்ற அரை மணி.
"டீ என்னாச்சு?" என்றது நாலாம் கூடாரம்.
டீ தாமதம் என்று எழுதலாம்.
குமிழை என்னவென்று எழுத?

பள்ளத்து மணலில் படுக்கணும் என்றார் கண்ணாடிக்காரர்.
பர்கூர்ப் பக்கம் வானம் கருத்திருந்தது.
"இங்கெ மழையே இல்லீங்களே?"
"இங்கெ பெய்யோணும்னு இல்லீங்க."
அடித்த முளைக்குச்சி பதினாறையும் பிடுங்கி
மேட்டில் அடித்தோம், நானும் சடையனும்.
ராத்திரி தண்ணீர் வரவில்லை.
வெள்ளனே எழுந்து
காய்ந்த மணலை எனக்குக் காட்டிச் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
இன்றைக்குக் கேட்டாலும் மேடுதான்.

பதினொன்றரைக்கு நல்ல கூதல்.
ஏழாம் கூடாரம் ஜிப் முழுக்க மூடி
உள்ளே சிவப்பாய் ஒரு வெளிச்சம்.
கறி சுட்ட கரியடுப்பைக்
கதகதப்புக்கு உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள்.
கூப்பிட்டேன். பதில் இல்லை.
திறந்து, அடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தேன்.
"கேக்காம தொறப்பியா? லேடீஸ் இருக்கற எடம்!"
"நானும் லேடீஸ்தானுங்க."
நடுவில் படுத்திருந்த பிள்ளை
தலை வலிக்குதென்று அழுதது.
தூக்கி வந்து காற்றில் உட்காரவைத்தேன்.
அழுகை ஓயும் வரைக்கும் நின்றேன்.
அதற்கப்புறம்தான் என் முட்டி ரெண்டும் நடுங்கியது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருசம்.
பின்வாசல் பூட்டியே இருக்கும்,
தொறப்பு சூப்பர்வைசர் இடுப்பில்.
தீயணைக்கிற சிலிண்டரில்
யாராவது சட்டையைக் கழற்றி மாட்டியிருப்பார்கள்.
ஒரு சித்திரை மத்தியானம்
நூல் கழிவுக்குள் புகை.
நான் முன்வாசல் பக்கம் இருந்தேன்.
கோமதி பின்வாசல் பக்கம்.
அதற்கு இதில் கட்டம் இல்லை.

காலையில் கோபியிலிருந்து முதலாளி போன்.
ஏழாம் கூடாரத்துக்காரர் காசைத் திருப்பிக் கேட்கிறாராம்.
அப்புறம், தயங்கித் தயங்கி,
"மாசம் பூரா நோட்டைப் பாத்தனம்மா.
ஒண்ணுமே நடக்கறதில்ல.
ராத்திரிக்குத் தனியா ஒரு ஆளு
வேணுமாங்கறதுதான் ரோசனை."

பலாப்பழத்தோடு வந்தவர்களைத் திட்டி
அதை வண்டிக்குள் வைத்துப் பூட்டியது,
பத்தடி தள்ளி காலையில் பார்த்த லத்தி,
இன்னும் ஆவி பறந்தது,
எல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
சிக்னல் போய்விட்டது.

பேனாவைப் பிடித்தால் கை எரிகிறது,
முழங்கைக்குக் கீழே, தோசைக்கரண்டி அகலத்துக்கு.
எழுதினேன்:
சம்பவம், இல்லை.
செலவு, வாஷர் ஒன்று,
தீக்காயக் களிம்பு ஒரு டியூப்.