கார்னர் பாக்கி

கொருக்குப்பேட்டை யார்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்
பொன்விழாக் கோப்பை ஃபைனல், தொண்ணூற்று நாலு.
ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷம். பெனால்டி.
அடிக்கப் போனவன் நான்.

கம்பங்களுக்கு நடுவே டில்லிபாபு,
எருக்கஞ்சேரி லெவன்,
கிளவுஸ் வாங்கக் காசில்லாமல்
மீனுக்கு ஐஸ் உடைக்கிற ரப்பர் உறையோடு.

சாம்பல் கலந்த மண். வைத்த பந்து உருண்டது.
குதிகாலால் குழி நோண்டித் திரும்ப வைத்தேன்.
மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்திருக்க
சுவருக்குப் பின்னால் கூட்ஸ் வருவது
ஒருத்தர் காதிலும் விழவில்லை.

அடித்தேன்.
குறுக்குக் கம்பிக்கு மேலே, சுவருக்கும் மேலே,
அத்திப்பட்டு போகும் காலி வேகனில்
டொம்மென்று விழுந்தது.
பசங்கள் கேட் வரைக்கும் துரத்தினார்கள்.
கார்டு பச்சைக்கொடி ஆட்டிக்கொண்டே போனார்.

வேறு பந்து இல்லை. இருட்டிவிட்டது.
ரெஃபரி மரியநேசன் விசிலைப் பாக்கெட்டில் போட்டு
"ஆளுக்கு ஆறு மாசம் வெச்சிக்கோங்க" என்றார்.

முப்பது வருஷமாய் வைத்துக்கொள்கிறோம்.
ஜனவரியில் அவன் கொண்டுவருவான்,
ஜூலையில் நான் கொண்டுபோவேன்,
ஒரு காது உடைந்த கோப்பை.
சில தடவை உள்ளே
அவன் வீட்டுத் துணி கிளிப்பு கிடக்கும்.

கேட் பக்கத்து டீக்கடையில்
சுண்டுவிரலை நீட்டுவான்:
"நுனில பட்சுடா. கார்னர்டா அது.
உங்களுக்கு ஒரு கார்னர் பாக்கி கீது."

படலடா, என்பேன்.
அடித்தவனுக்குத் தெரியாதா,
முழுசாய் ஒரு முழம் மேலே போனது.
விடமாட்டான்.
தோற்றாலும் சரி,
தொட்டிருக்க வேண்டும் அவனுக்கு.

கேட் இறங்குகிறது.
வண்டி தாண்டும் வரை
சண்டையை நிறுத்திவைக்கிறோம்,
காதில் விழாதே.