நான்கு விரல் உயரம்

வனத்துறை ஏலத்துக்கு என்னோடு வந்தவர்கள் இருவர்.
இருவரும் பழைய இரும்பு வாங்குபவர்கள்.
அவர்கள் எடைக்கு விலை கேட்டார்கள்,
நான் ஒரு மாதச் சம்பளம் கூட்டிக் கேட்டேன்.
சுத்தியல் விழுந்ததும் அவர்கள் பார்த்த பார்வை
இன்னும் என் முதுகில் இருக்கிறது.

டிராக்டர் இழுத்து வந்தது கரகோலுக்கு.
காற்றில்லாத டயர்கள்
மார்ச் மாதச் சேற்றில் மடிந்து மடிந்து உருண்டன.
கொட்டகைக்குள் தள்ள எட்டுப் பேர்.
நிலைச் சட்டத்துக்கும் லாரியின் நெற்றிக்கும் நடுவே
ஒரு தீப்பெட்டி நுழையும்.
"அளந்து கட்டியதுபோல" என்றேன்.
ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
முறிவைக் காட்டுவதோடு என் வேலை முடியும்,
ஒட்டுபவர் வேறு.
இங்கே இரண்டும் நானே.
வலது முன்சக்கரத்துப் பிடியில் விரிசல் என்று சந்தேகம்.
துண்டில் சுற்றிக் கொண்டுபோய்
இரவுப் பணியில் மேஜைமேல் படுக்க வைத்தேன்.
படம் முழுக்க ஒரே வெள்ளை.
மறுநாள் டாக்டர் அசில்பெக் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"நோயாளிக்கு என்ன வயது?" என்றார்.
"எழுபத்தெட்டாம் வருட மாடல்."
அவர் சிரிக்கவில்லை. படத்துக்கான காசைக் கட்டச் சொன்னார்.

கடைசியில் மண்ணெண்ணெய்தான் காட்டிக் கொடுத்தது.
தடவி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிக் காத்திருந்தேன்.
கால் மணி நேரத்தில்
தலைமுடி அளவு ஒரு கோடு
வெள்ளையில் தானாக நனைந்து எழுந்தது.

இந்த வண்டியில் எஞ்சின் இரண்டு இருக்கைக்கும் நடுவே.
கியர் கோல் ஓட்டுபவரின் முழங்கைக்குப் பின்னால்,
முதுகு சொறிவதுபோல் கையை வளைத்துத்தான் போட வேண்டும்.
எஞ்சின் கழற்றிய பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து
ஓடாத வண்டிக்கு கியர் மாற்றிப் பழகினேன்.
ஜோல்தோஷ் கதவோரம் நின்று பார்த்தான்.
"குதிரை வாங்கியிருந்தால்
இந்நேரம் இரண்டாவது குட்டி" என்றான்.
குதிரைக்கு உதிரிபாகம் கிடைக்காது என்றேன்.
இரவு அவனே விளக்கைப் பிடித்தான்,
எனக்கு வேண்டாத பக்கமெல்லாம் வெளிச்சம் காட்டி.

ஒன்று, ஐந்து, நான்கு, இரண்டு,
ஆறு, மூன்று, ஏழு, எட்டு.
எட்டு சிலிண்டரும் எரியும் வரிசை.
பாத்திரம் கழுவும்போது,
நோயாளியிடம் "மூச்சைப் பிடியுங்கள்" என்று சொல்லும்போது,
வாய்பாடாக அது உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.
அப்படியும் இரண்டு கம்பிகளை மாற்றி மாட்டியிருக்கிறேன்.
முதல் தடவை சாவியைத் திருப்பியதும் வெடித்த வெடியில்
பக்கத்து வீட்டு சாய்ராவின் கோழிகள்
மூன்று நாள் முட்டையிடவில்லை.
நான்காம் நாள் அவளே வந்தாள்,
கூடை நிறைய முட்டையும்
"இன்றைக்கும் வெடிக்குமா?" என்ற கேள்வியுமாக.

வெடிக்கவில்லை. பிடித்துக்கொண்டது.
முதலில் ஐந்து சிலிண்டர், பிறகு ஏழு,
எட்டாவது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்ந்தது.
கொட்டகைத் தகரமெல்லாம் கூட நடுங்கியது.
காற்றடைத்த புது டயர்களில்
கனவான் மாதிரி நிமிர்ந்து நின்றது வண்டி.

நிமிர்ந்து நின்றதுதான் வினை.
கதவைத் திறந்து பார்க்கிறேன்,
நிலைச் சட்டம் அதன் நெற்றிக்குக் கீழே இருக்கிறது.
நான்கு விரல்.

ஜோல்தோஷ் ரம்பம் எடுத்து வந்தான்.
சாய்ராவின் மருமகன் தரையைத் தோண்டலாம் என்றான்.
தெருவே யோசனை சொல்லிக்கொண்டிருக்க
நான் உள்ளே ஏறி அந்தச் சின்ன வால்வைத் திருப்பினேன்.
சதுப்பில் புதையாமல் போக
ஓட்டியபடியே டயர் காற்றைக் குறைக்கும் வால்வு.
ஆறு வாரம் அதன் குழாய்களை ஊதி ஊதிச் சுத்தம் செய்தபோது
எதற்கு என்று நானே சலித்திருக்கிறேன்.

நான்கு சக்கரமும் ஒருசேரப் பெருமூச்சு விட்டன.
முள் இரண்டே முக்காலிலிருந்து அரைக்கு வந்தது.
முழங்கைக்குப் பின்னால் துழாவி முதல் கியர்.
சட்டத்திலிருந்து ஒரு சிராய் மட்டும் உதிர்ந்தது,
சாயம் பிழைத்தது.

முற்றத்தில் நிறுத்தி
காற்றை மறுபடி ஏற்றினேன்.
மெதுவாகத்தான் ஏறும். அவசரப்படவில்லை.
பாக்கெட்டில் ஒரு வாஷர் மிச்சம் இருக்கிறது,
எங்கே போட வேண்டியது என்று தெரியவில்லை.
ஜோல்தோஷ் பக்கத்து இருக்கையில் ஏறி
எஞ்சின் மூடியின் சூட்டில்
ரொட்டியை வைத்தான்.